சதுரமில்லாத போர்க்களம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் மினியேச்சர் வார்கேம் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "மேசை ஆறடிக்கு நாலடிதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சமவெளிக்காரர் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கோத்தகிரியில் நான் உட்கார்ந்து எழுதும் இந்த அறையே ஒரு பக்கம் ஒன்பதடி, எதிர்ப் பக்கம் ஏழரை அடி. பின்சுவர் மண்மேட்டை ஒட்டிப் போகிறது, கட்டியவர் மேட்டோடு சண்டை போடாமல் வளைந்து போய்விட்டார். இப்படிப்பட்ட வீட்டில் ஆறுக்கு நாலு மேசையைப் போட்டால் ஆட்டக்காரர்கள் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

போன இதழைப் படிக்காதவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. விரல் நீளப் பொம்மை வீரர்களை மேசைமேல் நிறுத்தி, இன்ச் டேப்பால் அளந்து நகர்த்தி, டைஸ் உருட்டிச் சண்டை போடும் ஆட்டம் இது. விதிக்கு விதி மாறும் என்றாலும், காலாட்படை ஒரு சுற்றில் 6 இன்ச் நடக்கும், துப்பாக்கி 24 இன்ச் எட்டும் என்பது பரவலான அளவு. கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

என் அறை பதினோரு அடி நீளம், ஏழடி அகலம். ஓரமாக ஒரு பீரோ வேறு, அதை நகர்த்த வீட்டில் அனுமதி இல்லை. நீளமான ஒல்லி மேசை போட்டால் ஆட்டம் கெட்டுவிடுமா? (வாசகர், குன்னூர்)

கெடாது, ஆனால் வேறு ஆட்டமாகிவிடும். அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

முதலில் கை. நின்றபடி குனிந்து, முன்வரிசைப் பொம்மைகளைச் சட்டைக் கையால் தட்டிவிடாமல் ஒருவர் எட்டக்கூடிய தூரம் இரண்டரை அடி, கை நீண்டவருக்கு மூன்றடி. நாலடி அகலம் வழக்கமானதற்கு அதுதான் காரணம், இரண்டு பக்கத்திலிருந்தும் நடுக்கோடு கைக்கு வந்துவிடும். சுவரோடு ஒட்டிப் போடும் மேசைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் ஆள் நிற்க முடியும் என்பதால் இரண்டடிக்கு மேல் அகலம் வேண்டாம். மேசை எவ்வளவு விசித்திரமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், கை எட்டாத மூலை ஒன்று இருந்தால் அங்கே போர் நடக்காது. யாராவது ஒரு கோயிலையோ கோட்டையையோ வைத்து அதை அடைத்துவிடுவார்கள்.

அப்புறம் ஓரம். நிறையப் பேர் யோசிக்காத விஷயம் இதுதான். மேசையின் ஓரத்தோடு அந்த உலகம் முடிந்துவிடுகிறது, அதற்கு அப்பாலிருந்து யாரும் வந்து உங்கள் படையின் விலாவில் குத்த முடியாது. ஆறுக்கு நாலு மேசையில் நீளவாட்டுப் பக்கங்களில் எதிரெதிரே நின்றால், சாதாரணமான படை ஆறடியையும் நிரப்பாது, இரு புறமும் இடம் மிஞ்சும், குதிரைப்படை சுற்றிக்கொண்டு வரும். அதே படைகளை இரண்டடி அகலமுள்ள மேசையின் இரு முனைகளில் நிறுத்திப் பாருங்கள், விலா என்பதே இல்லை, முட்டி மோதித்தான் ஆக வேண்டும். கி.மு. 480-ல் தெர்மோபிலேயில் கிரேக்கர்கள் மலைக்கும் கடலுக்கும் நடுவே போய் நின்றது இதற்காகத்தான். அவர்களைக் கடைசியில் கவிழ்த்தது மலைக்குப் பின்னால் போன ஒரு ஒற்றையடிப் பாதை. உங்கள் ஒல்லி மேசைக்கும் அப்படி ஒரு பாதை வையுங்கள்: ஒரு படைப்பிரிவு மேசையை விட்டு இறங்கி, நாலு சுற்று கழித்து வேறொரு ஓரத்தில் ஏறலாம் என்று. இல்லையென்றால் மூன்றாவது ஆட்டத்திலேயே சலித்துவிடும்.

ஆக, எந்த உருவத்தை எடுத்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எந்த ஓரம் யாருக்குக் காவல்?

பலகைக்கு என் யோசனை. 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று வாங்கி, கடையிலேயே நாலுக்கு இரண்டாக நான்கு துண்டு போடச் சொல்லுங்கள். நான்கும் ஒரே அளவு என்பதால் எப்படி வேண்டுமானாலும் சேர்க்கலாம். உங்கள் அறைக்கு இரண்டை நீளவாக்கில் வைத்து எட்டடி, மூன்றாவதை மூலையில் திருப்பினால் 'ட' எழுத்து மாதிரி வரும், பீரோவும் தப்பிக்கும். துண்டுகளை ஒன்றோடொன்று பிடிக்க 'சி' கிளாம்ப் போதும். குறிப்பிட்ட இடத்தில் துளை போட்டு ஆணி முளை வைத்தால் அந்த ஒரு உருவத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

இன்னொன்று, நீள மேசையில் நடை. எட்டடி என்றால் 96 இன்ச், காலாட்படைக்குப் பதினாறு சுற்று. அதற்குள் டீ மூன்று தடவை ஆறிவிடும். படைகளை நாலடி இடைவெளியில் நிறுத்தி ஆரம்பியுங்கள், முதுகுக்குப் பின்னால் இருக்கும் மிச்சத்தைப் பின்வாங்க வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லட்டி மாதிரி ஒரு மலைப்பாதையில் லாரி அணிவகுப்பை மறித்துத் தாக்கும் ஆட்டம் செய்ய ஆசை. செவ்வக மேசையில் வளைவு வளைவாக ரோடு போட்டேன், ஆனால் எல்லோரும் ரோட்டை விட்டு இறங்கி நேராக நடந்து போய்விடுகிறார்கள். (வாசகர், ஊட்டி)

போகத்தானே செய்வார்கள்! கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அர்த்தம் இருப்பது, வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் இருப்பது நடக்க முடியாத சரிவு என்பதால்தான். உங்கள் மேசையில் அந்தச் சரிவு வெறும் பச்சைத் துணி. பச்சைத் துணிமேல் யார்தான் நடக்க மாட்டார்கள்?

மேசையையே ரோடு மாதிரி வெட்டிவிடுங்கள், அதாவது வெட்டாமல் அடுக்குங்கள். மேலே சொன்ன நாலுக்கு இரண்டு பலகை ஒன்றை உங்களுக்கு நேர் எதிராக, நெட்டுவாக்கில் வையுங்கள். அதன் இடப்பக்கத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு பலகைகளைப் படுக்கைவாக்கில் ஒட்டுங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு அடி சந்து இருக்கட்டும் (அதற்காக மேலும் கீழும் அரை அடி நீட்டிக்கொண்டிருக்கும், பரவாயில்லை). படுத்துக்கிடக்கும் 'ப' கிடைத்துவிட்டது. நாலாவது பலகையை மேல் கையின் நுனியில் சேர்த்தால் மேல் ரோடு எட்டடி நீளமாகிவிடும். அந்த ஒரு அடி சந்துதான் உங்கள் பள்ளம். குண்டு அதைத் தாண்டும், கால் தாண்டாது. மேல் ரோட்டில் ஒளிந்திருப்பவன் கீழ் ரோட்டில் ஊர்ந்து வரும் லாரியை இருபது இன்ச் தூரத்தில் வைத்துச் சுடுவான். கீழே இருப்பவன் அவனைப் போய்ப் பிடிக்க வளைவு சுற்றி ஏழெட்டு அடி நடக்க வேண்டும். மலைப்பாதைச் சண்டையின் எரிச்சல் அப்படியே வந்துவிடும்.

இன்னும் ஆசை இருந்தால் மேல் கையை நாலு இன்ச் உயர்த்துங்கள், நெட்டுப் பலகை சாய்தளமாகிவிடும். 48 இன்ச் நீளத்துக்கு 4 இன்ச் ஏற்றம், 12-க்கு 1. நம் மலை ரயில் கல்லாரிலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் போட்டு ஏறும் சரிவும் ஏறத்தாழ இதே கணக்குதான். ரயிலுக்குப் பல் வேண்டியிருக்கிறது, உங்கள் பொம்மைக்கு அடியில் கொஞ்சம் சொரசொரப்பு போதும். மேல்பூச்சில் சலித்த மணலைத் தூவிவிடுங்கள். இதற்கு மேல் சரிவைக் கூட்டினால், டைஸ் உருட்டுகிற அதிர்ச்சியிலேயே படை சரியும்.

லாரிக்காரருக்கு ஒரு சலுகை கொடுங்கள், ரோட்டில் போனால் இரட்டை வேகம். அது இல்லாவிட்டால் அவர் இரண்டாவது சுற்றிலேயே எல்லாவற்றையும் இழந்துவிட்டு உங்கள் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருப்பார்.

நாங்கள் மூன்று பேர். செவ்வக மேசையில் மூன்றாவது ஆள் எப்போதும் நடுவில் மாட்டிக்கொள்கிறான். அறுகோண மேசை செய்தால் சரியாகுமா? ஆசாரியிடம் அளவு எப்படிச் சொல்வது? (வாசகர், கொடைக்கானல்)

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலடி அகல ப்ளைவுட்டில் 55 இன்ச் 4 நூல் (எட்டு நூல் ஒரு இன்ச்) நீளத்துக்கு ஒரு துண்டு எடுங்கள். நீளப் பக்கம் இரண்டிலும், ஒவ்வொரு முனையிலிருந்தும் 13 இன்ச் 7 நூலில் ஒரு கோடு. குட்டைப் பக்கம் இரண்டிலும் நட்ட நடுவில், அதாவது 24 இன்ச்சில், ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்து நாலு மூலைகளையும் அறுத்தால் ஆறு பக்கமும் 27 இன்ச் 6 நூல். எட்டடி ஷீட்டில் மிச்சம் மூன்றடிக்கு மேல் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள், அலமாரித் தட்டு ஆகும்.

ஒன்று விட்டு ஒரு பக்கமாக ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டால் மூவருக்கும் நிலம் சமம். ஆனால் கவனியுங்கள், ஓரத்திலிருந்து மையத்துக்கு மிகச் சரியாக 24 இன்ச், துப்பாக்கி எட்டும் தூரம். யார் முதலில் ஓரத்தில் பீரங்கியை நிறுத்துகிறாரோ அவர் முதல் சுற்றிலேயே மையத்தை அடைத்துவிடுவார். அதனால் நடுவில் பார்வையை மறைக்கும் ஒரு குன்றோ தோப்போ கட்டாயம். பரப்பும் குறைவு, செவ்வகத்தின் 24 சதுர அடிக்கு எதிராக இது 14 சதுர அடி கூட வராது, படையைப் பாதியாக்குங்கள்.

மூன்று பேர் ஆட்டத்தின் உண்மையான வியாதி வேறு: இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள், மூன்றாமவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசியில் வந்து மிச்சத்தைப் பொறுக்குவார். அதை எந்த மேசையும் குணப்படுத்தாது. மையக் குன்றைப் பிடித்து வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு புள்ளி என்று வைத்துவிடுங்கள், வேடிக்கை பார்ப்பவருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். ஆட்ட வரிசையையும் ஒவ்வொரு சுற்றிலும் சீட்டு எடுத்து மாற்றுங்கள்.

எங்கள் ஏரி நட்சத்திர வடிவம். அதே வடிவத்தில் ஒரு மேசை செய்தால் எப்படி இருக்கும்? (வாசகி, கொடைக்கானல்)

பார்க்க அழகாக இருக்கும். ஆட உட்கார்ந்தால், நட்சத்திரத்தின் ஒவ்வொரு கையும் ஒரு முட்டுச்சந்து. உள்ளே போன படை அங்கேயே கிடக்கும், மையத்தில் மட்டும் நெரிசல்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நான் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு மேசை செய்யச் சொன்னேன், ஆசாரி அளவை எழுதிக்கொண்டு ரொம்ப மரியாதையாக, "சார், இது யார் சாப்பிடுறதுக்கு?" என்று கேட்டார். அப்போதே விழித்திருக்க வேண்டும். நாலு கையும் காலி, நடுவில் இரண்டடிச் சதுரத்தில் நாற்பது பொம்மைகள் ஒன்றின்மேல் ஒன்று. இப்போது அது கொல்லைப்பக்கம் பீன்ஸ் விதை காயப்போடுகிறது, அதற்கு நல்ல மேசை.

உங்கள் யோசனையைத் திருப்பிப் போடலாம். லெவிஞ்ச் 1863-ல் அந்த ஏரியை உண்டாக்கியதிலிருந்து கொடைக்கானலில் நடப்பதெல்லாம் ஏரியைச் சுற்றித்தானே, ஏரிக்குள் இல்லையே? ஏரி ஓட்டையாக இருக்கட்டும், மேசை கரையாக இருக்கட்டும். அந்த நான்கு பலகைகளைக் காற்றாடி இறக்கை மாதிரி ஒன்றன் முனையில் ஒன்று திருப்பி அடுக்கினால், வெளியே ஆறடிச் சதுரமும் நடுவில் இரண்டடிச் சதுர ஓட்டையும் வரும். கரை எங்குமே இரண்டடிதான் அகலம், எல்லா இடமும் கைக்கு எட்டும். இடப்பக்கமாகவும் போகலாம், வலப்பக்கமாகவும் போகலாம், துரத்துகிறவனைச் சுற்றி வந்து முதுகில் பிடிக்கலாம். எனக்குத் தெரிந்து விலாவே இல்லாத ஆட்டமும் விலா மட்டுமே உள்ள ஆட்டமும் ஒரே மேசையில் நடப்பது இதில்தான். ஓட்டைக்குள் ஒரு ஆள் நின்று நடுவராக இருக்கலாம், மேசைக்கு அடியில் தவழ்ந்து உள்ளே போகும் வயசு இருந்தால். நட்சத்திரம்தான் வேண்டும் என்றால் ஓட்டைமேல் அட்டை போட்டு நீலத் துணியை நட்சத்திரமாக வெட்டி விரியுங்கள், படகும் விடலாம்.

அண்ணா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். ப்ளைவுட் வாங்க வழியில்லை. என்னிடம் ஒரு கேரம் போர்டு இருக்கிறது. (மாணவர், பண்ணைக்காடு)

தம்பி, கேரம் போர்டு ஒன்றே போதும். ஆடும் பரப்பு 29 இன்ச் சதுரம் வரும். பக்கத்துக்குப் பன்னிரண்டே பிரிவுகளை வைத்து இரண்டடிச் சதுரத்தில் ஆடும் பழங்காலப் போர் விதிகள் 1990-லிருந்து உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன, ஆக இடம் குறைவு என்று ஏங்காதே.

அதை 45 டிகிரி திருப்பி வைத்து, நீ ஒரு மூலையிலும் உன் நண்பன் எதிர் மூலையிலும் ஆரம்பியுங்கள். செலவே இல்லாமல் வைர வடிவ மேசை. மூலைக்கு மூலை 41 இன்ச். ஆரம்பத்தில் இடம் குறுகல், படையை வரிசையாக விட்டுத்தான் வெளியே கொண்டுவர முடியும். நடுவில் 41 இன்ச் அகலத்துக்கு விரிந்து, எதிரியின் பக்கம் போகப் போக மறுபடி குறுகும். தோற்கிறவன் மூலையில் ஒடுங்குவதால் கடைசிச் சண்டை எப்போதும் காரமாக இருக்கும். காசு விழும் நாலு ஓட்டைகளையும் சுரங்கப்பாதை என்று வைத்துக்கொள், ஒன்றில் நுழைந்தவன் அடுத்த சுற்றில் எதில் வருவான் என்பதை டைஸ் சொல்லட்டும்.

தரையிலும் ஆடலாம். எச். ஜி. வெல்ஸ் 1913-ல் இந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதி அச்சிட்டபோது அவர் ஆடியது தரையில்தான். ஆனால் அவர் வீட்டுத் தரை பண்ணைக்காட்டு மார்கழித் தரை இல்லை. கீழே சாக்கு விரித்துக்கொள். பவுடரைத் துடைத்துவிட்டுப் பொம்மையை வை, வழுக்கும்.

அப்பா ராணுவத்தில் இருந்தவர். கொஹிமாப் போரை மேசையில் செய்து அவருக்குக் காட்ட வேண்டும். என்ன அளவு, என்ன உருவம்? (வாசகி, வெலிங்டன்)

எனக்கு இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே பிடித்தது இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

1944 ஏப்ரலில் ஜப்பானியரின் 31-வது டிவிஷன் கொஹிமாவைச் சுற்றி வளைத்தபோது, உள்ளே மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையின் கையில் இருந்தது ஒரு மலைமுகடு. முகட்டின் மேல் வரிசையாகக் குன்றுகள், ஒவ்வொன்றாக விழ விழ வளையம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் மாவட்ட அதிகாரியின் பங்களாவும் அதன் டென்னிஸ் மைதானமும் இரண்டு தரப்புக்கும் எல்லையாகிவிட்டது. மைதானத்தின் இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் பந்துக்குப் பதில் கையெறி குண்டு. சரிவை வெட்டிப் படிப்படியாகச் சமன் செய்த நிலம் அது. நம் ஊரில் காரட்டும் உருளைக்கிழங்கும் போடும் மேட்டைப் பார்த்தாலே போதும், உங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இப்போது அளவு. டென்னிஸ் மைதானம் 78 அடிக்கு 36 அடி. 72-ல் ஒரு பங்கு பொம்மைகளை எடுத்தால் அது மேசைமேல் 13 இன்ச்சுக்கு 6 இன்ச், மிச்சமில்லாமல் அவ்வளவேதான். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு ஸ்கேல் நீளம் இருக்கும் இடத்துக்காக எத்தனை நாள் எத்தனை பேர்!

ஆகவே ஆறுக்கு நாலு வேண்டவே வேண்டாம். அவ்வளவு பெரிய மேசையில் மைதானம் ஒரு மூலையில் தபால்தலை மாதிரி கிடக்கும், ஆட்டக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நாலுக்கு இரண்டு பலகை ஒன்று போதும். நீளவாக்கில் முகடு, நடுவில் மைதானம், ஒரு பக்கம் பங்களா இருக்கும் படி மேலே, மறுபக்கம் படிகள் கீழே இறங்கட்டும். தெர்மகோல் ஷீட்டுகளை அடுக்கிப் படி செய்யுங்கள், ஒரு படியின் அகலம் இரண்டு இன்ச்சுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் பொம்மையின் அடித்தட்டு நிற்காது. ஒட்டுவதற்கு ஃபெவிகால் மட்டும். ஸ்ப்ரே பெயின்ட்டை நேராக அடித்தால் தெர்மகோல் உருகிக் குழியாகிவிடும், முதலில் ஃபெவிகாலில் மணல் கலந்து பூசிக் காயவிட்டு, அதன்மேல் பிரஷ்ஷால் வண்ணம்.

24 இன்ச் துப்பாக்கி விதியை இங்கே மறந்துவிடுங்கள், எல்லோரும் எல்லோரையும் எப்போதும் சுடலாம். எனவே தூரத்தை விட்டுவிட்டுப் பார்வையை விதியாக்குங்கள்: படியின் விளிம்பில் நிற்பவன்தான் கீழ்ப்படியைப் பார்க்க முடியும், விளிம்பில் நிற்பவனைத்தான் மற்றவர்களும் பார்க்க முடியும். அப்பாவைப் பங்களாப் பக்கம் உட்கார வையுங்கள். நீங்கள் கீழே.

பழைய பங்களா ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே பெரிய பில்லியர்ட்ஸ் மேசை சும்மா கிடக்கிறது. அதில் ஆடலாமா? (வாசகர், குன்னூர்)

உரிமையாளரைக் கேளுங்கள், அப்புறம் என்னைக் கேளுங்கள். அவர் சரி என்றால், பன்னிரண்டுக்கு ஆறு கற்பலகை, ரசமட்டம் வைத்ததுபோல் சமம், அதைவிட நல்ல மேசை இந்த மலையில் கிடைக்காது. அகலம் ஆறடி என்பதால் நடுக்கோடு மூன்றடி, கை எட்டும் எல்லையின் நுனி. நடுவில் நீளவாக்கில் ஒரு ஆறு ஓடவிட்டால் அங்கே யாரும் கையை நீட்ட வேண்டியிருக்காது. பச்சைத் துணியின்மேல் கெட்டியான விரிப்பு, தண்ணீர், பசை, குண்டூசி மூன்றும் கிட்டவே வரக்கூடாது. 1875-ல் ஜபல்பூரில் ஒரு ராணுவ அதிகாரி பொழுதுபோகாமல் கண்டுபிடித்த, இதே மேசையில் ஆடும் ஸ்னூக்கருக்கு 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதி வைத்தார்கள். அந்த மலையிலேயே அந்தத் துணியைக் கிழித்தவர் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம்.

ஜூன், ஜூலை மழையில் என் ப்ளைவுட் மேசை முதலைமுதுகு மாதிரி வளைந்துவிட்டது. (வாசகர், கூடலூர்)

மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருப்பீர்கள். அடிப்பக்கம் ஈரத்தைக் குடிக்கிறது, மேல்பக்கம் குடிக்கவில்லை, பலகை என்ன செய்யும்? இரு பக்கமும், அதைவிட முக்கியமாக நாலு விளிம்பிலும் ஒரே அளவு பூச்சு. அடியில் சுற்றிலும் ஒரு ரீப்பர் சட்டம், நடுவில் குறுக்கே ஒன்று. ஆடாத நாளில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் படுக்க வையுங்கள். விசித்திர உருவங்களில் வெட்டிய பலகைக்கு இது இன்னும் அவசியம், உள்மூலை எவ்வளவு அதிகமோ ஈரம் நுழையும் விளிம்பும் அவ்வளவு அதிகம். எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை) மலிவு என்று யாராவது சொன்னால், கூடலூரில் ஒரு ஆடி மாசம் அவரை வந்து இருக்கச் சொல்லுங்கள்.

முக்கோண மேசை? (வாசகர், தாண்டிக்குடி)

வேண்டாம். மூலையில் நிற்பவருக்கு இடமில்லை, பக்கத்தில் நிற்பவருக்கு முழங்கை இடிக்கும்.

சார், என் கணவர் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு எங்கள் தேக்கு டைனிங் டேபிளின் நாலு மூலையையும் அறுத்து எண்கோணமாக்கப் போவதாகச் சொல்கிறார். அது எங்கள் அம்மா வீட்டில் கொடுத்தது. நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். (வாசகி, கோத்தகிரி)

ஐயோ, அம்மா, அறுக்கச் சொல்லி நான் எழுதவே இல்லை!

அவரிடம் இதைக் காட்டுங்கள். 1812-ல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்ஹெல்முக்கு ஃபொன் ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு போர் விளையாட்டு மேசை செய்து கொடுத்தார். இழுப்பறைகள் வைத்த பெட்டி மேசை அது, நிலம் முழுவதும் தனித்தனிச் சதுரத் துண்டுகள், ஆற்றையும் மேட்டையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம். மன்னர் வீட்டு மேசையிலேயே ரம்பம் வைக்காமல் துண்டை மாற்றித்தான் ஆடியிருக்கிறார்கள். அதுவும் பன்னிரண்டு வருஷம் போய் 1824-ல் ரைஸ்விட்ஸின் மகன் வந்து, மேசையெல்லாம் எதற்கு, 8000-க்கு 1 அளவில் வரைபடம் போதும் என்று முடித்துவிட்டார்.

எண்கோணம் வேண்டுமென்றால் டேபிள்மேல் பழைய கம்பளிப் போர்வை ஒன்றை விரித்து, அதன்மேல் ப்ளைவுட்டை வைத்து, நாலு மூலையிலும் கறுப்புத் துணியை முக்கோணமாக மடித்துப் போடட்டும். துணி இருக்கும் இடத்தில் உலகம் இல்லை, அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் துணியை எடுத்துவிடலாம், அறுத்த தேக்கை எடுத்து ஒட்ட முடியாது. ப்ளைவுட் டேபிளைவிட ஒரு பக்கத்துக்கு அரை அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, யாராவது முழங்கையை ஊன்றினால் மொத்தப் படையும் கவிழும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் எடுத்து வைப்பதும், போர்வையைத் துவைத்துப் போடுவதும் அவர் வேலை. போர்வை காய மூன்று நாள் ஆகும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.